கண்டுபிடித்தவர் கவனத்துக்கு

புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவருக்கு முதல் தேவை, வாயை மூடிக்கொண்டிருப்பது. மயிலாப்பூரில் இது எளிதன்று. டிகாக்‌ஷன் சட்டென்று இறங்கும் ஃபில்டரின் சூட்சுமத்தை மாட வீதியில் நாலு பேரிடம் விளக்கிவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது பழசாகிவிடக்கூடும். முதலில் கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பையாவது தாக்கல் செய்ய வேண்டும். முழு விவரத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு. உரிமையின் ஆயுள் 20 ஆண்டு. அதுவும் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பாட்டி வைத்த கஷாயத்துக்கு உரிமை கிடையாது. பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பாகாது. பாட்டியும் விண்ணப்பிக்கவில்லை.

அடுத்தது விற்பனை. இதற்கு முன்மாதிரி காசிநாதுனி நாகேஸ்வர ராவ். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கிய அவர், சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பெயர் பரப்பினார். தலைவலிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ், எழுந்து போக முடியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் வேறெது? பின்னர் தொழில் சென்னைக்கு வந்தது; லஸ்ஸில் அவர் பெயரில் பூங்காவே இருக்கிறது.

இன்றைய கண்டுபிடிப்பாளருக்கு ரங்கநாதன் தெரு. அங்கே காய் நறுக்கும் கருவிக்காரர் கையில் கேரட் வட்டவட்டமாக விழும். வீட்டில் அதே கருவியில் விழுவது பெரும்பாலும் கைப்பிடி. போலி வந்துவிட்டதா என்று அறிய வக்கீல் தேவையில்லை. இரண்டு கடை தள்ளிப் போய் விலை கேட்டால் போதும். பத்து ரூபாய் குறைவாக இருக்கும்.