அஞ்சு ரூபாய் ஞாயிறு

தெற்கே போவதென்றால் முதலில் வடக்கே போக வேண்டும். எண்பதுகளில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இதுதான் பூகோளம். எங்கள் ஊர் திருச்சிக்குத் தெற்கே, வீடு குரோம்பேட்டையில். மீட்டர்கேஜ் எக்ஸ்பிரஸ்களெல்லாம் கிளம்புவது எழும்பூரில். தாம்பரத்தில் நிற்கும்தான். ஆனால் அங்கே போய் ரிசர்வ் செய்யாத பெட்டியில் ஏறினால் கால் வைக்கக்கூட இடம் கிடைக்காது என்பது அப்பாவின் தீர்மானம். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி, கூஜா, புளியோதரைத் தூக்கு சகிதம் மின்சார ரயிலில் எழும்பூர் போவோம். அங்கே துண்டு போட்டு இடம் பிடித்து, வண்டி கிளம்பி, கொஞ்ச நேரத்தில் எங்கள் ராதா நகர் கேட்டையே மறுபடியும் கடப்போம். கேஸை மூடினோமா என்ற சந்தேகம் அம்மாவுக்கு வருவது சரியாக அந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்தில் வண்டி ஏறுவது சுலபம், டிக்கெட் வாங்குவதுதான் யாகம். கவுன்ட்டரின் அரைவட்டப் பொந்துக்குள் கையை விட வேண்டும். ஏற்கெனவே இரண்டு கைகள் உள்ளே இருக்கும். உள்ளிருப்பவர் மர அடுக்கிலிருந்து கெட்டி அட்டை டிக்கெட் ஒன்றை உருவி, பக்கத்திலிருந்த இரும்பு யந்திரத்தின் வாயில் கொடுத்து ஓர் இழுப்பு இழுப்பார். டொக். தேதி விழுந்துவிடும். மையில் அல்ல, அட்டையில் பள்ளமாக. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பரிசோதகர் அதன் விளிம்பில் குறடால் ஒரு வெட்டு வெட்டுவார். இறங்கும் இடத்தில் வாசலில் நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு விடுவார் என்பதுதான் பையன்களுக்கு ஒரே துக்கம். சேகரிப்பு வைத்திருந்தவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பழகியிருந்தார்கள். டிக்கெட் வாங்கியும் திருடன் மாதிரி வெளியே வந்த பயணிகள் அநேகமாக நாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பூங்கா நிலையம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. இரண்டும் ஒரே வருஷத்தில் போயின. 1985 மே கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் புலியும் சிங்கமும் வண்டலூரில் பொதுமக்களுக்குத் தரிசனம் தர ஆரம்பித்தன. வடக்கே போய்க்கொண்டிருந்த எங்கள் ஞாயிறு ஒரே ராத்திரியில் தெற்கே திரும்பியது.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இன்னொரு பாடமும் எடுக்க வேண்டியிருந்தது. கடற்கரை நிலையத்தில் கடற்கரை கிடையாது. பெயரை நம்பி, குழந்தைகளோடும் மாற்றுத் துணியோடும் போய் இறங்கிய எங்கள் பெரியப்பா பார்த்தது துறைமுகத்து மதிலையும் பர்மா பஜாரையும்தான். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்ன வந்தவர் ஒரு டிரான்சிஸ்டரும் குடையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது 1995-இல். அதற்குள் பெரியப்பாவுக்கு மெரினா ஆசையே விட்டுப்போய்விட்டது.

இந்தக் கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார வண்டி ஓட ஆரம்பித்தது 1931-இல். கோட்டையிலும் பாரிமுனையிலும் பேனா பிடிக்கும் குமாஸ்தா காலையில் வடக்கே போவார், மாலையில் தெற்கே திரும்புவார், ஞாயிறன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவார். அட்டவணை போட்டவர்கள் மனதில் இருந்த ஆசாமி இவர்தான் என்பது என் ஊகம். 2004-இல் மீட்டர்கேஜ் மின்சார வண்டி விடைபெற்றது. தண்டவாளம் அகலமாயிற்று, ஒன்பது பெட்டி பன்னிரண்டாயிற்று. குமாஸ்தா மட்டும் அட்டவணைக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறார். வேலை நாளில், நெரிசல் நேரத்தில் ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை அப்படியல்ல. ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம், தாம்பரத்துக்குத் தெற்கே கனவே காணலாம். தீபாவளி, பொங்கல் என்றாலும் இதே அட்டவணைதான். மற்ற நாளில் ஆபீசுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்ற நம்பிக்கை!

என்ன செய்கிறார்கள் என்பதை மாம்பலம் படிக்கட்டில் ஒரு ஞாயிறு நின்று பார்க்க வேண்டும். ரங்கநாதன் தெருவுக்கு இறங்கும் கூட்டத்தை எதிர்த்து ஏறுவது ஒரு தனி வித்தை. தேர்வாணையத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டும் கறுப்புப் பேனாவுமாக ஓடும் பிள்ளைகள், முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவையில் வந்து பெட்டிக்குள் கசங்குகிறவர்கள், வண்டலூருக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் எல்லோரும் அங்கே உண்டு. ஞாயிறு வண்டி குறைவு. ஆகவே பராமரிப்பு வேலையை அன்று வைத்துக்கொள்கிறார்கள். பராமரிப்பு இருப்பதால் இருக்கிற வண்டியிலும் சிலது ரத்து. வேறு எந்த நாளில்தான் தண்டவாளத்தைக் கழற்றி மாட்டுவார்கள் என்று நியாயமும் பேச முடிகிறது. கடுப்பாக வருவதே அதனால்தான்.

டிக்கெட் விஷயத்தில் காலம் தலைகீழாகிவிட்டது. 2015-லேயே எழும்பூர் - தாம்பரம் தடத்தில் காகிதமில்லாத டிக்கெட் வந்துவிட்டது. செல்போனில் நாலு தட்டு, முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை: தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு செயலியில் எடுக்க முடியாது. ஓசியில் ஏறிவிட்டுப் பரிசோதகரைக் கண்டதும் எடுப்பவர்களுக்காக வைத்த பொறி அது. எனவே வண்டி வரும் சத்தம் கேட்டதும் சிலர் நிலையத்தை விட்டு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்து ஓடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ விபரீதம் என்று கூடவே ஓடக்கூடும். டிக்கெட் எடுக்கத்தான் ஓடுகிறார்கள்.

கட்டணத்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். குரோம்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கு ஐந்து ரூபாய். கடற்கரை வரை போனாலும் பத்து. 2025 ஜூலையில் மற்ற ரயில் கட்டணங்களை ஏற்றியபோதும் புறநகர் வண்டியைத் தொடவில்லை. நிலையத்து வாசலில் டீ குடித்தால் டிக்கெட்டை விட அதிகம், ஸ்கூட்டரை நிறுத்தினால் அதைவிட அதிகம், வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். ரயில் பயணத்தில் இப்போது மலிவாக இருப்பது ரயில் மட்டும்தான்.

வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறவர்களுக்காக 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது, கண்ணால் பார்க்கலாம். ரயில் நிலையம்தான் கூடவே வரவில்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடித்து, சற்று முன் ரயிலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்த இடத்துக்கு வந்து சேர்வது வழக்கமாயிற்று. பெங்களூரிலிருந்து வந்த என் தங்கை மகன், “மாமா, வண்டி கொஞ்சம் ஸ்லோவானா இங்கயே குதிச்சிடலாம் போலிருக்கே” என்றான். குதிக்க வேண்டாம் என்றேன். அப்பன் ஊரில் இருக்கிறான், பதில் சொல்ல முடியாது.

2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் வந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு எண்பத்தைந்து ரூபாய், செங்கல்பட்டுக்கு நூற்றைந்து. ஆரம்பித்த புதிதில் ஒரு சனிக்கிழமை ஏறினேன். கதவுகள் தானாக மூடிக்கொண்டன. வாசலில் தொங்கியே வளர்ந்த ஓர் இளைஞர், பழக்க தோஷத்தில், மூடிய கதவோடு ஒட்டி நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். காற்று வரவில்லை என்பது அவருக்கு உறைக்கச் சேத்துப்பட்டு ஆயிற்று. நுங்கம்பாக்கத்தைத் தாண்டும்போது பரிசோதகர் வந்தார். இளைஞர் செல்போனை நீட்டினார். சாதா டிக்கெட், பத்து ரூபாய்.

“இது ஏ.சி. வண்டி தம்பி. இந்த டிக்கெட் செல்லாது.”

“ஏ.சி.யை ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார், பத்து ரூபாய்க்கே வர்றேன்.”

பரிசோதகர் அபராதச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே சொன்னார்: “நாளைக்கு வந்திருக்கலாம்ல? நாளைக்கு இந்த வண்டியே கிடையாது. சண்டே.”