கோடீஸ்வரனும் கோப்பிக்கடைக்காரனும்

ஒன்ராறியோவில் தனியாளுக்கு அரசின் உதவிப்பணம் மாதம் 733 டொலர்: வயிற்றுப்பாட்டுக்கு 343, வாடகைக்கு 390. ரொறன்ரோவில் 390-க்கு என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்கப்படாது. அது 2018-இல் போட்ட கணக்கு. வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியவில்லை.

“சும்மா இராமல் வேலைக்குப் போங்கோ” என்பார்கள். போகலாம். மாதாமாதம் சம்பளச் சீட்டைக் காட்டவேணும். உதவி தொடங்கிய முதல் மூன்று மாதம் உழைப்பது முழுக்கக் கழியும். ஆசை எப்படிப் பிறக்கிறது பாருங்கள்! பிறகு அரசின் மனம் இளகும்: முதல் 200 டொலர் உங்களுக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு டொலருக்கும் உதவியில் 50 சதம் வெட்டு. கோப்பிக் கடையில் கால்கடுக்க நின்று 600 டொலர் கையில் எடுத்தால், உதவியில் 200 போய்விடும். சீட்டைக் காட்ட மறந்தால் நீங்கள் அரசுக்குக் கடன்காரர்.

இதே மாகாணத்தில் பெருந்தனவந்தரின் மேல்தட்டு வருமானத்துக்கு வரி ஏறக்குறைய 53 சதவீதம். ஆக, கோப்பை கழுவுகிறவரையும் கோடீஸ்வரரையும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். சமத்துவம் வந்துவிட்டது. என்ன, அவருக்கு ஒரு கணக்காளர் இருக்கிறார்.