கேட்டுக்கு நேரா நிற்கிறவர்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் திண்டுக்கல்லில் அந்த அண்ணனிடம் மாட்டாமல் யாரும் டீக் குடித்துவிட முடியாது. கிறிஸ்துமஸ் பூசைக்கு ஆள் கூப்பிடுவதே அவருடைய டிசம்பர் மாத உத்தியோகம். "இருபத்தி நாலு ராத்திரி, வளனார் கோயில். பதினோரு மணிக்கே வந்துருங்க, அப்புறம் உக்கார எடம் இருக்காது."

1866இல் வேலை தொடங்கி 1872இல் முடிந்த கோயில். 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபின் பேராலயம். இதை அவர் சொல்லும் தோரணையில், கொத்தனாருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தவரே இவர்தானோ என்று சந்தேகம் வரும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிராளி ஒன்றே ஒன்று கேட்பார்: "சரிண்ணே, பிரியாணி மறுநா மத்தியானம்தானே?" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் சாதி மதம் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி அன்னதானம் சாப்பிடுகிற ஊர் இது. கோயில் என்றதும் நாக்கு முந்திக்கொள்ளும்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் நண்பர்தான் அவருக்குப் பெரிய சோதனை. "விரதத்துல இருக்கேனே, வரலாமா?" என்றால், "சாமி வராத கோயில் உண்டா சாமி? முட்டை இல்லாத கேக் தனியாச் சொல்லிட்டேன்" என்று முடித்துவிடுவார். பேகம்பூர் பாயிடம் இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. "நோன்புக் கஞ்சிக்கு நான் வந்தேன்ல?" என்பார், பாய் குடும்பத்தோடு வந்து நிற்பார்.

வராத ஒரே ஆள் அண்ணனுடைய சொந்த மச்சான். ஞானஸ்நானம் வாங்கியவர், பதினொன்றரை வரைக்கும் "கிளம்பிட்டேன் மாமா" என்று போனில் சொல்வார். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் நிற்கிற இடம் கோயில் வாசல். கல்யாண மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர் நிற்பாரே, அதே பட்டுச் சட்டை, அதே கும்பிடு. ஒரு காதில் போன்: "கேட்டுக்கு நேராத்தான் நிக்கிறேன், வண்டிய லெஃப்ட்ல போடுங்க." உள்ளே வானவர் கீதம் தொடங்கி, மணி அடித்து, குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும்போதுகூட அவர் ஒரு ஸ்கூட்டருக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆனால் நன்மை வாங்க வரிசை நகர ஆரம்பித்ததும் உள்ளே பாய்ந்துவிடுவார். விருந்தாளிக்கு நல்ல மனசு. பிரசாதம் வாங்காமல் போனால் மரியாதையில்லை என்று நினைத்து, கையை ஏந்திக்கொண்டு ஃபாதரிடமிருந்து நாலாவது ஆளாக நின்றுகொண்டிருப்பார். புதுநன்மை வாங்கினவர்களுக்குத்தான் அது என்று அந்தக் கூட்டத்தில் எப்படி விளக்குவது? அண்ணன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "வாங்கண்ணே, குடிலைப் பாக்கவே இல்லையே நீங்க" என்று ஆட்டுக்குட்டி பொம்மைகள் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார்.

"அப்ப நீங்க எப்பண்ணே பூசை பாப்பீங்க?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"காலையில ஒண்ணு இருக்குல்ல."

காலையில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில், மச்சானோடு சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மச்சான் மட்டும் விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம்.