ப. வரும்

எங்கள் விறாந்தையில் தொங்கும் நகைக்கடைக் கலண்டருக்கு இரண்டு எசமானர்கள். மனுசி பென்சிலால் எழுதுவாள்: காஸ் மாற்றின திகதி, சீட்டுக் காசு, ஆடு குட்டி போடும் நாள். நான் சிவப்புப் பேனையால் எழுதுவேன். என் எழுத்தால் இதுவரை எந்த ஆடும் பயனடையவில்லை.

நான் எழுதுவதெல்லாம் பாட்டுச் சங்கதி. இந்த வருத்தத்தைத் தந்தது இலங்கை வானொலி. சின்ன வயதில் பற்றரி ரேடியோவைச் சுற்றி இருந்து பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி கேட்போம். அப்பா, அம்மா, அம்மம்மா, பிறகு பெரியப்பாமார், மாமாமார் என்று வாழ்த்துவோர் பட்டியல் வேலணையில் தொடங்கி வவுனியா வரை போகும். கடைசியில் ஒரு பாட்டு, அதுவும் பாதியில் தேய்ந்து மறையும். நானும் தபாலட்டை போட்டுக் காத்திருந்தேன். ஒருநாள் புங்குடுதீவு என்று ஊர்ப் பெயர் வந்தது. பெயர் வேறு யாருடையதோ. அன்றைக்குத்தான் மற்றவர்களின் பிறந்தநாளை மனப்பாடம் பண்ணத் தொடங்கினேன்.

யூன் மாதம் வந்தால் எனக்குக் கை ஓயாது. 4 எஸ்.பி.பி.க்கு. 3 இளையராஜாவுக்கு, ஆனால் அது கலைஞரின் நாளும் என்பதால் அதை அவருக்கு விட்டுக்கொடுத்து 2ஆம் திகதியே கொண்டாடுகிறார். பிறந்தநாளையே விட்டுக்கொடுத்த மனிசன்! எங்கள் வேலிச் சண்டையில் அரை முழம் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் 24. கண்ணதாசன் 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தது யூன் 24. எம்.எஸ். விஸ்வநாதன் அடுத்த வருசம் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்ததும் யூன் 24. வரிக்காரரும் மெட்டுக்காரரும் ஒரே திகதி! இதை மனுசிக்கு 38 வருசமாக, வருசத்துக்கு ஒரு தரமாவது, புதினம் போலச் சொல்லி வருகிறேன்.

“ஒரு வருசம் இடைவெளி. எனக்கும் தங்கச்சிக்கும் போல,” என்பாள். அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கும் பேரன் போன மாதம் போனில் இன்னொன்று சொன்னான்: வெள்ளைக்காரரில் ஜெப் பெக் 1944இலும் மிக் பிளீட்வுட் 1947இலும் அதே திகதியில்தான் பிறந்தார்களாம். எனக்கு நித்திரை போய்விட்டது. பாட்டெழுதக் கண்ணதாசன், ஆர்மோனியத்துக்கு எம்.எஸ்.வி., கிற்றாருக்குப் பெக், டிரம்ஸுக்குப் பிளீட்வுட். கோஷ்டியில் பாடகர் மட்டும்தான் குறை. அந்த வெற்றிடத்துக்கு என்னை நானே நியமித்தேன்.

இந்தமுறை 24ஆம் கட்டத்தில் என் சிவப்பு எழுத்துக்குக் கீழே பென்சிலில் “ப. வரும்” என்று இருந்தது. கண் கலங்கிப் போனேன். பாட்டு வரும்! 38 வருசப் பிரச்சாரம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று காலை மகள் கனடாவிலிருந்து அனுப்பிய உருளை ஸ்பீக்கரைச் சாமியறை யன்னலில் வைத்தேன். ‘பாலும் பழமும்’ படப் பாட்டுகள். 1961, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, வரி கண்ணதாசன். இந்த இரட்டையர் 1952இல் ‘பணம்’ படத்தில் சேர்ந்து 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ முடியப் பிரிந்தவர்கள். 13 வருசம். ஒரே கலண்டரில் எழுதிக்கொண்டு நாங்கள் இன்னும் பிரியாமல் இருப்பதை நினைத்துப் பெருமைப்பட்டபடி சத்தத்தைக் கூட்டினேன். நானும் சேர்ந்து பாடினேன். ஆடு தள்ளிப் போய் நின்றது.

மனுசி நயினாதீவுத் திருவிழாவுக்குப் போய், குறிகட்டுவானில் இறங்கி, வெயிலில் வந்து படலையைத் திறந்தாள். நேரே வேலியோரம் போய் நீலப் பரலின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் நாலு விரல் தண்ணி. அதில் ஒரு வேப்பிலை மிதந்தது.

“இஞ்சேருங்கோ, பவுசர் வரேல்லையோ?”

“எந்தப் பவுசர்?”

அவள் பேசவில்லை. கலண்டரடிக்குப் போய் “ப.”வில் விரலை வைத்தாள்.

வெளியூராருக்கு ஒரு வார்த்தை: எங்கள் கிணற்றுத் தண்ணி சவர். குளிக்கலாம், தோய்க்கலாம், தேத்தண்ணி போட்டால் உப்புப் போட்ட கசாயம். எங்கள் ஒழுங்கைக்குக் குடிதண்ணி பவுசரில்தான், அஞ்சு நாளுக்கு ஒருக்கால்.

இரண்டு கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன். வேலிச் சண்டையின் எதிர்க்கட்சி வீடு அது.

“உங்கட வீட்டில ஏதும் கொண்டாட்டமே அண்ணை?” என்றார் அவர். “பவுசர்க்காரப் பொடியன் மூண்டு தரம் ஹோன் அடிச்சவன். பிறகு எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டவன். அடுத்த பாட்டில நீங்களும் சேர்ந்து பாட, வெளிக்கிட்டிட்டான்.”

இரண்டு கானும் நிரப்பித் தந்தார். அரை முழ வேலியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

திரும்பி வரும்போது மனுசி கலண்டரோடு நின்றாள். கையில் என் சிவப்புப் பேனை. யூன் 29, யூலை 4, 9 என்று ஒவ்வொரு கட்டத்திலும் “பவுசர்” என்று முழு எழுத்தில், குருடனுக்கும் தெரிய, எழுதிக்கொண்டு போனாள். 14இலும் எழுதினாள். 2015இல் எம்.எஸ்.வி. செத்தது யூலை 14இல். நான் வாய் திறக்காமல் கானை இறக்கினேன்.