சொன்னால் செய்ய மாட்டேனா?

எங்கள் ஊர் மங்களூர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் கடற்காற்று வீசும். "மீனு நல்லா கெடைக்குமே!" என்பார். கடலூர் மாவட்டத்து மங்களூரில் நல்லா கிடைப்பது மக்காச்சோளமும் பருத்தியும்தான். விருத்தாசலம் ஜங்ஷனில் மங்களூர் எக்ஸ்பிரஸ் நிற்கும். ஏறிப் படுத்தால் கர்நாடகாவில் கொண்டுபோய் இறக்கிவிடும். எங்கள் மங்களூருக்கு வேப்பூரில் பஸ் மாறி, முடிந்தால் உட்கார்ந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமையென்றால் அதுவும் சந்தேகம். அன்று வேப்பூரில் ஆட்டுச் சந்தை.

நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். மனைவி அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீட்டில் அம்மா, ஐந்தாவது படிக்கும் பாப்பா, யூகேஜி படிக்கும் பையன், கொல்லையில் மக்காச்சோளம். இத்தனையும் ஒரு வாரத்துக்குள் எப்படி அடங்குகின்றன என்று உறவினர்கள் வியப்பதுண்டு. நானும் தன்னடக்கத்தோடு சிரித்து வைப்பேன். ரகசியம் ஒன்றுதான்: எந்த வேலையையும் நான் மறுப்பதில்லை. "சொன்னா செய்யமாட்டேனா?" என்பது என் குடும்ப வாழ்க்கையின் தாரக மந்திரம். சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

போன வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று எங்கள் தொழிலுக்கு இரண்டு பெரிய சீசன். இரண்டாவதன் தலையில் அடைமழை வந்து உட்காரும். அகலை அச்சில் அழுத்தி எடுப்பது நிமிஷ வேலை, காயவைப்பதுதான் பாடு. ஈரத்தோடு சூளைக்குள் போனது முழுசாகத் திரும்பாது. திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் "லோடு எப்போ வரும்?" என்று போன் வந்தபடி இருக்கும். வானத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கணக்குப்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தக் களைப்போடு வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. யூனிட்டில் கழித்துப் போட்ட பொம்மை ஏதாவது ஒன்று பையில் இருக்கும். தும்பிக்கை போன யானை, மூக்கு இல்லாத செட்டியார், சுட்டதில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட புத்தர் என்று எங்கள் ஷோகேஸில் பெரிய சபையே கூடியிருக்கிறது. திங்கட்கிழமை ஒரு கிளியைக் கொண்டுவந்தேன். "வேணாங்க, வீட்ல இருக்கற டேமேஜே போதும்" என்றாள் மனைவி. கிளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் சற்று இடித்தது.

அவளுக்கும் அந்த வாரம் நெருக்கடிதான். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை மதிப்பீடு செய்து செல்போனில் பதிவேற்ற வேண்டும். எங்கள் தெருவில் நெட்வொர்க் கிடைப்பது மொட்டை மாடியின் தென்கிழக்கு மூலையில் மட்டும். இரவில் அவள் அங்கே நின்று பதிவேற்றிக்கொண்டிருப்பாள். கீழே குக்கர் விசில் அடிக்கும். நான் நல்ல ஞாபகசக்தி உள்ளவன். ஒவ்வொரு விசிலையும் எண்ணி மாடிக்குக் குரல் கொடுப்பேன். "மூணு வந்துடுச்சு... நாலு வந்துடுச்சு..." அடுப்பை அணைக்கவேண்டும் என்று அவள் சொல்லவில்லையே! சொன்னால் செய்யமாட்டேனா?

புதன்கிழமை பேப்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்களாம், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இதே கணக்கு 299, 97 என்று இருந்தது. ஆக, ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம், எங்களுக்கு ஒன்பது. பாரதம் சமத்துவத்தை நெருங்கிவிட்டது என்று நான் உரக்கப் படித்துக் காட்டினேன். கூடவே, "நான் தெனம் 88 நிமிஷத்துக்குக் கொறையாம செய்யறேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அதுல 'கத்திரிக்கோல் எங்க, கடுகு டப்பா எங்க'ன்னு கேக்கற நேரத்தைக் கழிச்சீங்களா?" என்றாள்.

கழித்துப் பார்த்தேன். மீந்ததை இங்கே அச்சில் ஏற்ற மனம் வரவில்லை.

தேடுவதில் எங்கள் பக்கத்து மண்ணுக்கே ஒரு பெரிய மரபு உண்டு. சுந்தரர் விருத்தாசலத்தில் சிவபெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்தார். வைத்த இடம் ஒன்று, தேடும் இடம் வேறு என்பதில் நான் சுந்தரர் கட்சி. என்ன, அவருக்குக் குளத்தில் பொன் கிடைத்தது, மாற்றுப் பார்த்துச் சொல்லப் பிள்ளையாரே வந்தார். எனக்கு மூக்குக் கண்ணாடி கிடைப்பதில்லை, மாற்றுப் பார்க்க மனைவி மட்டும் வருகிறாள்.

வியாழக்கிழமை ரேஷன். அம்மாவின் விரலை மிஷினில் எத்தனை முறை அழுத்தினாலும் ரேகை விழாது. களை எடுத்து, கதிர் ஒடித்துத் தேய்ந்த விரல்கள். ஆகவே பெர்மிஷன் போட்டுவிட்டு நான் போனேன். வைத்த உடனே 'டிங்' என்று பச்சை விளக்கு எரிந்தது. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "எரியாம என்ன? வெரல் புதுசாவே இருக்குல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மத்திய அரசின் ஆய்வைவிட ரேஷன் கடை மிஷின் துல்லியமானது என்று அன்றைக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்க ஆள் வரவில்லை. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு, வந்த விருந்தாளி திண்ணையிலேயே தங்கிவிட்ட மாதிரி எங்கள் கொல்லையில் இன்னும் இருக்கிறது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். மருந்தைக் குருத்துக்குள் விழும்படி அடிக்க வேண்டும், அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும். நான் ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் பஸ்ஸுக்குள், ஒரு வெள்ளாட்டுக் கிடாவின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவி பள்ளியிலிருந்தே பேசி வேறு ஆள் பிடித்து, அம்மாவிடம் கூலி கொடுக்கச் சொல்லி, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சொல்லி முடித்துவிட்டாளாம். "உங்களுக்குச் சும்மா தகவலுக்கு" என்றாள். தகவலை நான் கவனமாகப் பெற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் பெரியம்மா பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வந்திருந்தது. எவ்வளவு மொய் வைப்பது? அவர்கள் நம் பாப்பாவுக்கு எவ்வளவு வைத்தார்கள், அதற்குப் பின் நாம் அவர்கள் புதுமனைக்கு எவ்வளவு செய்தோம் என்று மனைவி நோட்டைத் திறக்காமலே சொன்னாள். என் பெரியம்மா. என் சொந்தம். கணக்குப்பிள்ளை நான். சரிபார்த்துவிடலாம் என்று மொய் நோட்டைத் தேடினேன். எங்கே என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எல்லோரையும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளப்பினாள். அங்கே முருகன் உருவமில்லாமல் பீடமாக இருக்கிறார். அவரிடம் குறையைத் தாளில் எழுதிப் 'பிராது' கட்டலாம். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் மறக்காமல் போய் 'ராஜினாமா' எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலக வாசனை வீசும் இந்த வழிபாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் வரிசையில் நிற்க, நான் மனதுக்குள் மனு தயாரித்தேன்: 'வேலை, குடும்பம், வீடு மூன்றையும் ஒருவனாகச் சுமக்கும் அடியேனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு...'

"என்னங்க முணுமுணுக்கறீங்க?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "தொண்ணூறு நாள்னா அதுக்குள்ள கார்த்திகை வரும், உங்க லோடு. அப்புறம் அரையாண்டுப் பரிச்ச. பொங்கல். மக்காச்சோளம் அறுப்பு. முருகனே லீவு போடமுடியாது. அவரைத் தொந்தரவு பண்ணாம, நாளைக்கு இட்லிக்கு நீங்களே மாவு ஆட்டிடுங்க. போனதும் ஊறப்போட்டாச் சரியா இருக்கும்."

அடேயப்பா, இவ்வளவுதானா! சொன்னால் செய்யமாட்டேனா? உடனே ஒப்புக்கொண்டேன். பொறுப்புள்ளவன் என்பதால் ஒரே ஒரு விவரம் மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"அரிசிக்கு எவ்ளோ உளுந்து? உளுந்து எந்த டப்பா?"

அவள் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். "அத்தை, பிராதுத் தாள் எங்க தராங்க?"