காலிக் கட்டத்தின் மகிமை: சத்தியமங்கலத்துக் கால மதிப்பீட்டியல் பற்றி ஓர் ஆய்வு

சொன்ன நேரத்தைத் தாண்டிய வேலைகளைக் கண்டுபிடிக்க மென்பொருள்காரர்களிடம் ஒரு கருவி உண்டு. சிட்னியில் 2002-இல் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் ஜிராவில், செலவான நேரத்தை முதல் மதிப்பீட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 'பணி விகிதம்' வரும். அது நூறைத் தாண்டியவற்றைக் கேட்டால் பட்டியல் கைக்கு வந்துவிடும். 1963-இல் முடிவதாக இருந்த ஆப்பரா மாளிகையை 1973-இல் திறந்த ஊரில் இக்கருவி பிறந்தது பொருத்தமே. ஆனால் சத்தியமங்கலத்தில் இதை ஓட்டிப் பார்த்தால் பட்டியல் வெறுமையாகத்தான் வரும். வகுப்பதற்கு இங்கே எண்ணே கிடையாது. ரவிக்கை தைக்கக் கொடுத்தாலும் சரி, மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தாலும் சரி, "ஆயிருமுங்க" என்பதே பதில். எப்போது என்று கேட்டால், "ஒரு போன் போட்டுட்டு வாங்க."

ஆகவே, தாமதம் வேலையில் பிறப்பதில்லை, மதிப்பீட்டில்தான் பிறக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. சான்று பக்கத்திலேயே இருக்கிறது. பவானியின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் கோரிக்கையாகவே கிடந்தது. அத்தனை காலமும் அதன் பணி விகிதம் பூஜ்யம்கூட இல்லை. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிக் கெடு குறித்தபின்தான் கெடு தாண்டிய பழி அதற்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தண்ணீர் விட்டவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது சில ஆண்டுகளுக்குத்தான். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

மதிப்பீடு தவறுவது மனித இயல்பு, ஊரை ஏன் இழுக்க வேண்டும் என்பர் உளவியலார். உண்மைதான். பியூலர் குழுவினரின் 1994 ஆய்வில், சுமார் 34 நாளில் ஆய்வேட்டை முடிப்போம் என்ற மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாளுக்கு மேல் பிடித்தது. ஆனால் அந்த மாணவர்கள் மாட்டியதே எண்ணைச் சொன்னதால்தான். விடியுமுன் பறித்த சத்தி மல்லி அன்றன்றே ஏலம் போகிறதே, ஊர் நேரம் காக்கவில்லையா என்பது அடுத்த மறுப்பு. அங்கே கெடு வைத்தது மனிதர் அல்லர். மாலைக்குள் விரிந்துவிடும் மொட்டு.

எனவே, திட்ட மேலாளர்களே, நூறைத் தாண்டிய வேலைகளைத் துரத்துவதை விடுங்கள். அவற்றைச் செய்பவர் எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்ட நேர்மையாளர். மதிப்பீட்டுக் கட்டம் காலியாக உள்ள வேலைகளை முதலில் தேடுங்கள். உண்மையான தாமதம் முழுவதும் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது.