புரொஃபைல் தம்பி

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் அந்த வேலையை விடும் தேதியைக் குறித்து வைத்திருப்பாரே, அவரேதான். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் புன்னைக்காயலில் இருப்பவர் மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கண்டெய்னர் கணக்குப் பார்க்கிறார். கண்டெய்னர் கணக்கு என்பது ஊருக்குச் சொல்வது. அவர் பார்ப்பது மாதக் கணக்கு. "வேலைக்குப் போய் எவ்வளவு நாளாச்சுப்பா?" என்று கேளுங்கள். "பதினேழு மாசம் மாமா" என்பார். கைப்பிள்ளைக்குத்தான் இப்படி மாதக் கணக்கில் வயது சொல்வார்கள்.

எல்லாம் எம்பிஏ கனவு. இருபத்து நாலு மாதம் ஆனால் ஹைதராபாத் ஐஎஸ்பி கண்ணெடுத்துப் பார்க்கும். நவம்பரில் கேட். ஜனவரியில் எக்ஸாட். ஜிமேட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். ஹார்வர்டில் கல்லூரிக் கடைசி வருடத்திலேயே இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டு வா என்று அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டாம். அது தெரியவந்தபோது அவர் ஏற்கெனவே டிகிரி வாங்கியிருந்தார். அந்தத் துக்கத்தில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் அம்மா என்னிடம் சொன்னார். எதைத் தவறவிட்டதற்கான துக்கம் என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. யாரோ பெண் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பியின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பொறியியல் படித்த ஆண்பிள்ளை. கேட் எழுதுகிறவர்களில் அந்த இனம்தான் மலிந்து கிடக்கிறது. ஐஐஎம்களில் பல, பத்தாம் வகுப்பு மார்க்கில் தொடங்கி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டு, பெண்களுக்கும் பொறியியல் படிக்காதவர்களுக்கும் தனியாகக் கொஞ்சம் புள்ளி போடுகின்றன. இரண்டு வாசலும் தம்பிக்கு அடைப்பு. பத்தாம் வகுப்பை மறுபடியும் எழுத முடியாது. ஆகவே கையில் மிச்சமிருப்பது பிறந்த ஊர் ஒன்றுதான் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

அதற்குப் பிறகு ஊரில் நடப்பது எதுவும் சும்மா நடப்பதில்லை. எல்லாம் புரொஃபைலுக்கு நடக்கிறது. சப்பரம் தூக்கத் தோள் கொடுத்தால் அது டீம் ஒர்க். கிரிக்கெட் போட்டிக்கு வசூல் பண்ணினால் ஃபண்ட் ரைசிங். ஒருநாள் காலை கரையில் மீன் ஏலம். தரகர் ஒரு விலை சொல்ல, வள்ளக்காரர் அவருடைய பாட்டனார்வரை இழுத்துப் பேச, வழக்கமான சத்தம் போய்க்கொண்டிருந்தது. தினமும் உள்ளதுதான். கத்தி முடித்து இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். தம்பி இடையில் புகுந்து, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒருத்தர் சொல்லுதத ஒருத்தர் காது குடுத்துக் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். இருவரும் அந்த நிமிடமே ஒன்றுசேர்ந்து தம்பியை விரட்டினார்கள். சமாதானம் ஏற்பட்டதென்னவோ உண்மை. விண்ணப்பக் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியதை நாங்கள் மறக்க மாட்டோம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கடலில் சேர்கிற ஊர் எங்களுடையது. மேலே பெய்ததெல்லாம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். தம்பி அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தார். ரோடு சரியான பிறகு வந்து ஓர் அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவன் நகர்ந்துகொள்ளும்வரை காத்திருந்து படம் எடுக்கச் சொன்னார். இன்று அது 'பேரிடரில் சப்ளை செயினை வழிநடத்திய அனுபவம்'.

இதெல்லாம்கூடப் போகட்டும். முத்து விஷயத்தில் செய்ததுதான் உச்சம். தன் கட்டுரையில் "நான் முத்துக் குளிப்போர் பரம்பரை" என்று முதல் வரி போட்டார். அப்பா கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். தாத்தா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. ஆற்றைத் தாண்ட வள்ளத்தில் ஏறுவதற்கே சிலுவை போட்டுக்கொண்டு ஏறுகிற மனிதர். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு முத்து எடுக்க யாரும் மூழ்கவில்லை. அதனாலென்ன, தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, ஊரில் சங்கு குளித்த ஒரு பெரியவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். மூழ்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான், தங்கச்சி தாலி அவனுக்குப் பெரிசு அல்லவா என்று பெரியவர் பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொண்டுபோனார். தம்பி நோட்டில் "ஸ்டேக்ஹோல்டர்" என்று எழுதிக்கொண்டார். "தாத்தா, அடியில மூச்சு முட்டும்போது உங்க லீடர்ஷிப் ஸ்டைல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "இந்தப் பையனுக்கு மேலுக்குச் சுகமில்லையாய்யா?" என்றார்.

சாமியார்களையும் விடவில்லை. சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1949-ல் சேசு சபையார் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ அவர் பெயரில் நடக்கிறது. ஆகவே அங்கே தனக்குப் பாத்தியதை உண்டு என்பது தம்பியின் கட்சி. "நம்ம ஊருக்கு வந்த சாமியார் பேர்ல உள்ள காலேஜ்தானே, சாமி ஒரு லெட்டர் குடுத்தா ஆகாதா?" என்று அம்மா பங்குத்தந்தையிடமே போய்க் கேட்டுவிட்டார். பரீட்சை எழுத வேண்டும் அம்மா என்று அவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

அண்டிரிக் அடிகளார் இன்னொரு கட்டுரைக்குப் பிடி. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற புத்தகத்தைத் தமிழில் தந்தவர் நம் ஊரில் இருந்தவர், எனவே புதுமை என் ரத்தத்தில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். போர்ச்சுகலில் பிறந்த அந்த மனிதர் தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1600-ல் இறக்கும்வரை ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரைக்காகவே உழைத்தார். அதைத் தம்பி சேர்க்கவில்லை. கட்டுரைக்கு வார்த்தை வரம்பு உண்டு.

ராத்திரி மொட்டைமாடியில் பல்பைப் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பத்திகளைச் சத்தமாக வாசிப்பார். விடிவதற்கு முன்னே கடலுக்குக் கிளம்புகிறவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "ஏலே, இன்னும் தூங்கலியால?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த உழைப்பைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் டியூஷன் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் எங்கள் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று வந்தான். நல்லாவும் சொல்லிக்கொடுத்தான், பொய் சொல்லக் கூடாது. அப்பன் கடலிலும் ஆத்தாள் கருவாட்டுக் களத்திலும் கிடக்கிற பிள்ளைகள். வீட்டில் சொல்லித்தர யாரும் கிடையாது. பேனர் கட்டி, படம் எடுத்து, அது வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் நோட்டோடு வந்து "அண்ணன் வரலியா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குப் பின்னம் வராது. நான் என்ன சொல்ல? மாட்டேன் என்றால் முதலிலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நாங்களும் வேறு ஆள் பார்த்திருப்போம்.

போன வாரம் வந்தார். அதே புரொஃபைல் தம்பி, கையில் அவரே டைப் அடித்த காகிதம். 'இரண்டு ஆண்டுகளாக இடைவிடாது, வாரம் ஐந்து நாள், நாற்பத்தெட்டு மாணவர்களுக்கு' என்று இருந்தது. வாசகசாலைச் செயலாளர் என்ற முறையில் நான் சீல் வைத்தால் போதுமாம். சீல் மேசை டிராயரில்தான் இருக்கிறது, இந்த வாரத்திலிருந்து ஒழுங்காக வந்து பின்னத்தை முடித்துக்கொடு, நாற்பத்தெட்டை ஒன்பது என்று திருத்திக்கொண்டு வா, கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம் என்றேன்.

போனை எடுத்து, கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணையை ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "செவ்வாக்கெழம மாக் டெஸ்ட் மாமா. வியாழக்கெழம ஆறுல இருந்து ஏழு வரைக்கும் கெடக்கு. வந்துருதேன்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "அன்னைக்கி யாராச்சும் ஒரு ஆள் போட்டோ எடுக்க இருப்பாகளா?"